நான்காவது அடுக்கு
திண்மப் பொருள்களின் வரலாறு: பகுதி 19

2004 ஜனவரி இறுதியில் வெளிவந்த ‘நேச்சர்’ இதழில் அகிரா ஓட்டோமோ, ஹரோல்ட் ஹ்வாங் ஆகிய இருவரும் எழுதிய சிறிய கட்டுரை ஒன்று இடம்பெற்றது. ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் படிகத்தின் மேல் லாந்தனம் அலுமினேட்டை மெல்லிய படலமாகப் படியவைத்து, இரண்டும் சந்திக்கும் இடைமுகத்தை அவர்கள் அளந்திருந்தார்கள். இரண்டு பொருள்களுமே மின்சாரத்தைக் கடத்தாதவை, அதிலும் உறுதியானவை. எலெக்ட்ரான் ஒன்றை அதன் கட்டிலிருந்து விடுவித்து ஓடவிட முதலாவதில் 3.2 எலெக்ட்ரான் வோல்ட்டும் இரண்டாவதில் 5.6 எலெக்ட்ரான் வோல்ட்டும் தேவை. சிலிக்கனுக்கு 1.1 போதும். அப்படிப்பட்ட இரண்டு பொருள்கள் தொட்டுக்கொண்ட இடத்தில் உலோகத்தில் ஓடுவதுபோல மின்சாரம் ஓடியது. வெப்பநிலையைத் திரவ ஹீலியத்தின் அளவுக்கு இறக்கியபோது எலெக்ட்ரான்களின் இயங்குதிறன் ஒரு வோல்ட்-நொடிக்கு 10,000 சதுர சென்டிமீட்டரைத் தாண்டியது. ஆக்சைடு இடைமுகம் ஒன்றிடமிருந்து அவ்வளவு பெரிய எண்ணை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

இந்தத் தொடரின் முந்தைய பகுதிகளில் இரண்டு பெரிய மென்படலக் கதைகளைப் பார்த்தோம். காலியம் ஆர்சனைடு அடுக்குகளில் 1982இல் பின்ன குவாண்டம் ஹால் விளைவு தெரிந்தது. இரும்பும் குரோமியமும் மாறி மாறி அடுக்கிய படலங்களில் 1988இல் ஆல்பர்ட் ஃபெர்ட் குழுவும் பீட்டர் குருன்பெர்க் குழுவும் பெருங்காந்தத்தடையைக் கண்டன. அவ்விரண்டிலும் புதுமைக்கான மூலப்பொருள் படலத்துக்குள் முன்பே இருந்தது. இரும்பு தானே காந்தம். காலியம் ஆர்சனைடு அடுக்குகளுக்கு எலெக்ட்ரானைத் தர வேண்டுமென்றே கலந்த சிலிக்கன் இருந்தது. 2004இன் இடைமுகத்திலோ இரண்டு பக்கமும் அப்படி எதுவும் இல்லை. தனிப்பொருள் எதிலும் காணாத ஒன்று அவற்றின் சேர்க்கையில் எழுகிறது என்பதற்கு இதைவிடத் தூய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது என்று பலர் கருதினார்கள். சில ஆண்டுகளில் அதே இடைமுகத்தில் மீக்கடத்தலும் காந்தத் தன்மையும் அறிவிக்கப்பட்டன. அதன்பின் பத்தாண்டுகள் கடுமையான வழக்காடல் நடந்தது: இவையெல்லாம் உண்மையிலேயே சேர்க்கையில் எழுந்த பண்புகளா, அல்லது படலத்தை வளர்க்கும்போது நுழைந்த குறைகளின் விளைவா?

அந்த வழக்கே இந்தப் பகுதியின் பொருள். என் வாதத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எழும் பண்பு ஒன்று நிலைநாட்டப்படுவது அது முதன்முதலில் அளக்கப்பட்ட நாளில் அன்று. அடுக்குகளின் எண்ணிக்கை, வரிசை, கலவை ஆகியவற்றை மாற்றினால் அந்தப் பண்பு எப்படி மாறும் என்று முன்கூட்டிச் சொல்லி, சொன்னபடியே நடப்பதைக் காட்டும்போதுதான் அது நிலைபெறுகிறது. அந்த அளவுகோலில் லாந்தனம் அலுமினேட் இடைமுகத்தின் கடத்துதிறன் தேறிவிட்டது. மீக்கடத்தலும் பெரும்பாலும் தேறிவிட்டது. காந்தத் தன்மை இன்னும் தேறவில்லை. மூன்றையும் ஒரே மூச்சில் ‘இடைமுகத்தின் அற்புதங்கள்’ என்று அடுக்குவது வரலாற்றுக்கும் அறிவியலுக்கும் நியாயம் செய்வதாகாது.

முதலில் கணக்கு. இரண்டு பொருள்களும் பெரோவ்ஸ்கைட் குடும்பத்தைச் சேர்ந்தவை; அணுக்கள் தளம் தளமாக அடுக்கப்பட்டவை. ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டில் ஸ்ட்ரான்சியம்–ஆக்சிஜன் தளமும் டைட்டானியம்–ஆக்சிஜன் தளமும் மாறி மாறி வருகின்றன. அயனிகளின் மின்னூட்டத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒவ்வொரு தளமும் சுழிதான். லாந்தனம் அலுமினேட்டில் அப்படியில்லை. லாந்தனம்–ஆக்சிஜன் தளத்தில் ஓர் அலகு நேர்மின்னூட்டம், அலுமினியம்–ஆக்சிஜன் தளத்தில் ஓர் அலகு எதிர்மின்னூட்டம். சுழித் தளங்களின் மேல் இந்த நேர்–எதிர்த் தளங்களை வைக்கத் தொடங்கினால் ஒவ்வொரு அடுக்கும் தன் பங்குக்கு மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும். தீர்க்கப்படாத வட்டி அசலோடு சேர்வதைப் போல அது ஏறும். ஓர் எல்லைக்கு மேல் எந்தப் படிகத்தாலும் அதைத் தாங்க முடியாது. தீர்வு ஒன்றுதான்: ஒவ்வோர் அலகுக் கூட்டுக்கும் அரை எலெக்ட்ரான் வீதம் இடைமுகத்துக்கு வந்து சேரவேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு 3.3×10¹⁴ எலெக்ட்ரான்கள் என்று அது கணக்காகிறது. டைட்டானியம் அயனியால் எலெக்ட்ரானை எளிதில் ஏற்றுக்கொள்ள முடியும் என்பதால் அவை டைட்டானியம் தளத்தில் தங்கி, இடைமுகத்தை ஒட்டிய மெல்லிய பரப்பில் ஓடும். இந்த வாதத்தை ‘மின்முனைப் பேரிடர்’ என்கிறார்கள். ஓட்டோமோவும் ஹ்வாங்கும் 2004இல் முன்வைத்த விளக்கத்தின் சாரம் இதுதான்.

இப்படி ஒரு கேள்வியைக் கேட்கும் வசதி இயற்பியலுக்கு எப்படி வந்தது என்பதை விட்டுவிட்டால் வரலாறு ஊனமாகிவிடும். ரூபி லேசரால் பொருளை ஆவியாக்கிப் படலம் செய்யலாம் என்று 1965இலேயே காட்டியிருந்தார்கள். ஆனால் இருபது ஆண்டுகள் அது ஓரமாகவே கிடந்தது. 1987இல் உயர்வெப்ப மீக்கடத்திகள் உலகை உலுக்கிக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் டி. வெங்கடேசனும் அவருடைய சகாக்களும் லேசர் துடிப்புகளை இட்ரியம்–பேரியம்–காப்பர் ஆக்சைடு வில்லையின் மேல் பாய்ச்சிப் படலம் வளர்த்தார்கள். வில்லையில் இருந்த கலவை விகிதம் படலத்திலும் பெரிய மாற்றமின்றி வந்து சேர்ந்தது. பல தனிமங்கள் கலந்த ஆக்சைடுகளுக்கு இதைவிடத் தோதான வழி அப்போது இல்லை. அடுத்த தடை அடித்தளத்தில் இருந்தது. கடையில் வாங்கும் ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் தகட்டின் மேற்பரப்பில் இரண்டு தளங்களும் திட்டுத்திட்டாகக் கலந்து கிடக்கும். 1994இல் மசாஷி கவாசாகியும் அவருடைய சகாக்களும் அமிலத்தன்மை கட்டுப்படுத்தப்பட்ட ஹைட்ரஃபுளோரிக் அமிலக் கரைசலில் தகட்டை நனைத்து, ஸ்ட்ரான்சியம் தளத்தை மட்டும் கரைத்து அகற்றி, டைட்டானியம் தளத்தில் முடியும் சீரான பரப்பைப் பெற்றார்கள். 1997இல் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தார், ஆக்சிஜன் அழுத்தம் அதிகமாக உள்ள அறையிலும் எலெக்ட்ரான் கற்றையைப் பரப்பின் மேல் சாய்வாகத் தெறிக்கவிட்டு, ஒவ்வோர் அடுக்கு முடிவதையும் ஒளிர்வின் ஏற்ற இறக்கத்தால் எண்ணிக் காட்டினார்கள். பரிசும் புகழும் தேடி வராத இந்தப் பணிகளே பின்னர் நடந்த வழக்கில் சாட்சிகளாக நின்றன.

2004 கட்டுரையிலேயே முதல் சோதனை இருக்கிறது. டைட்டானியம் தளத்தின் மேல் லாந்தனம் தளம் வந்தால் இடைமுகம் கடத்தியது. ஒரே ஓர் அடுக்கு ஸ்ட்ரான்சியம் ஆக்சைடை நடுவில் வைத்து, அதன் மேல் அலுமினியம் தளம் வருமாறு வரிசையை மாற்றினால் கடத்தவில்லை. பொருள்கள் அவையே, வளர்த்த அறையும் அதுவே. மாறியது ஓர் அணுத்தளத்தின் வரிசை மட்டும். படலமெங்கும் பரவிய வெறும் அழுக்குதான் காரணமென்றால் அது இந்த வரிசையைப் பொருட்படுத்தி நடந்துகொள்ள வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் இந்த ஒரு சான்றை வைத்து வழக்கை முடித்துவிட முடியவில்லை. அதே கட்டுரையின் எண்களே மறுப்புக்கு இடம் கொடுத்தன. மிகக் குறைந்த ஆக்சிஜன் அழுத்தத்தில் வளர்த்த படலங்களில் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை கணக்கு சொன்னதைவிட நூறு மடங்குக்கும் மேல் இருந்தது. அரை எலெக்ட்ரான் வாதத்தால் அவ்வளவு எலெக்ட்ரான்களுக்குக் கணக்குக் காட்ட முடியாது.

2007இல் மறுப்பு மூன்று திசைகளிலிருந்து வந்தது. ஸ்டான்ஃபோர்டிலிருந்து ஒரு குழு, சுவீடனின் சால்மர்ஸிலிருந்து ஒரு குழு, பிரான்சில் ஃபெர்ட்டும் அங்கம் வகித்த ஒரு குழு. மூன்றும் சொன்னது ஏறத்தாழ ஒன்றே. ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டை வெற்றிடத்தில் சூடாக்கினால் அது ஆக்சிஜனை இழக்கும்; ஆக்சிஜன் போன ஒவ்வோர் இடமும் (இதையே ‘ஆக்சிஜன் வெற்றிடம்’ என்கிறார்கள்) இரண்டு எலெக்ட்ரான்களை விட்டுச்செல்லும்; அவை இடைமுகத்தோடு நிற்காமல் அடித்தளப் படிகத்துக்குள் ஆழமாகப் பரவி ஓடும். உயர்ந்த இயங்குதிறனும் அளவுக்கு மீறிய எலெக்ட்ரான் எண்ணிக்கையும் அதன் விளைவே. குறைந்த அழுத்தத்தில் வளர்த்த படலங்களைப் பொறுத்தவரை இந்த மறுப்பு முழுக்கச் சரியானது. அதைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். 2004இன் மிகப் பெரிய எண்கள் இடைமுகத்துக்கு உரியவை அல்ல. ஆனால் மறுப்பு அங்கேயே நின்றுவிடவில்லை. அது சோதனையையும் செம்மைப்படுத்தியது. ஆக்சிஜன் அழுத்தத்தைக் கூட்டி வளர்ப்பதும், வளர்த்தபின் ஆக்சிஜனில் சூடேற்றி இழந்ததை நிரப்புவதும் வழக்கமாயிற்று. 2008இல் அதே பிரெஞ்சுக் குழுவினர் மாதிரியைக் குறுக்கே வெட்டி, நுண்முனையால் வெட்டுமுகத்தின் கடத்துதிறனை இடம் இடமாக அளந்தார்கள். ஆக்சிஜனில் சூடேற்றாத மாதிரியில் கடத்தல் அடித்தளத்தில் ஆழமாகப் பரவியிருந்தது. சூடேற்றிய மாதிரியில் அது இடைமுகத்தை ஒட்டிய சில நானோமீட்டருக்குள் அடங்கியிருந்தது. மறுப்பை எழுப்பியவர்களே அதன் எல்லையையும் வரைந்து காட்டினார்கள் என்பது இந்த வரலாற்றின் பெருமைக்குரிய பக்கம்.

இனி நான்காவது அடுக்குக்கு வருவோம். 2006இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் யோகன் மன்ஹார்ட்டின் குழு லாந்தனம் அலுமினேட்டை ஒவ்வோர் அலகுக் கூடாகக் கூட்டிக்கொண்டே போனது. ஒன்று, இரண்டு, மூன்று அடுக்குவரை அளவுகருவிக்கு எட்டும் கடத்தல் எதுவுமில்லை. நான்காவது அடுக்கு வந்ததும் இடைமுகம் கடத்தியாயிற்று. நடுவே படிப்படியான ஏற்றமில்லை, ஒரே தாவல். நான்கு அடுக்கின் மொத்தக் கனம் ஒன்றரை நானோமீட்டர்தான். மின்முனைப் பேரிடர்க் கணக்கை இங்கே எண்களோடு வைத்துப் பார்க்கலாம். ஒவ்வோர் அடுக்கும் ஏறக்குறைய 0.9 எலெக்ட்ரான் வோல்ட் அளவுக்கு ஆற்றலை உயர்த்துகிறது என்று கோட்பாட்டுக் கணிப்புகள் சொல்கின்றன. ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டில் எலெக்ட்ரானை விடுவிக்கத் தேவையான ஆற்றல் இடைவெளி 3.2. மூன்று அடுக்கில் 2.7தான் சேரும், நான்கில் 3.6 ஆகி இடைவெளியைக் கடந்துவிடும். அதோடு, மூன்று அடுக்கில் நின்றுபோன மாதிரிக்கு வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுத்து அதைக் கடத்தியாக மாற்றவும் அக்குழுவால் முடிந்தது. நான்காவது அடுக்கு செய்யும் வேலையை வெளி மின்புலமும் செய்கிறதென்றால், அடுக்கு கொண்டுவருவது அழுக்கை அன்று, மின்புலத்தைத்தான் என்று கருத வலுவான காரணம் இருக்கிறது.

ஒரு தாவல் தற்செயலாகவும் கணிப்போடு பொருந்திவிடலாம் என்று மறுப்பவர் சொல்லலாம். அதற்கு விடையாக 2012இல் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்ட சோதனை இந்த வழக்கின் மிகச் சிறந்த சான்று என்பது என் மதிப்பீடு. பால் ஷெரர் நிறுவனத்தாரும் ஜெனீவா பல்கலைக்கழகத்தாரும் லாந்தனம் அலுமினேட்டை ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டோடு கலந்து, நீர்த்த படலமாக வளர்த்தார்கள். கலவையில் லாந்தனம் அலுமினேட்டின் பங்கு குறையக் குறைய ஒவ்வோர் அடுக்கும் சேர்க்கும் மின்னழுத்தமும் குறையும். எனவே தாவலுக்கு அதிக அடுக்குகள் தேவைப்படும் என்பது கணிப்பு. அப்படியே நடந்தது. சரிபாதியாகக் கலந்த படலத்தில் கடத்தல் தொடங்கும் எல்லை நான்கிலிருந்து ஆறு, ஏழு அடுக்குகளை நோக்கித் தள்ளிப்போயிற்று. வளர்க்கும்போது நேரும் சேதமே கடத்தலுக்குக் காரணமென்றால், மின்முனைத் தன்மையைக் குறைக்கும் விகிதத்தையொட்டி எல்லை நகர வேண்டியதில்லை. முன்பு அளந்த ஒன்றுக்குப் பின்னர் தேடிய விளக்கமாக மட்டும் இருந்த கோட்பாடு, அளக்காத ஒன்றை முன்கூட்டிச் சொல்லித் தேறிய இடம் இதுதான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. 2011இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஆய்வு, படிக ஒழுங்கே இல்லாத லாந்தனம் அலுமினேட்டை அறைவெப்பத்தில் ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டின் மேல் படியவைத்தாலும் இடைமுகம் கடத்துகிறது என்று காட்டியது. ஒழுங்கற்ற படலத்தில் நேர்த்தளமும் எதிர்த்தளமும் ஏது? மின்முனையே இல்லாத இடத்தில் மின்முனைப் பேரிடர் எப்படி வரும்? 2013இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தார் இதற்கு விடை தந்தார்கள். 1987இல் லேசர் படிவு முறைக்குப் புத்துயிர் தந்த அதே வெங்கடேசனும், அரியாண்டோவும் அந்தக் குழுவின் தூண்கள். ஒழுங்கற்ற படலம் கொண்ட மாதிரியையும் படிகப் படலம் கொண்ட மாதிரியையும் ஒரே மாதிரி ஆக்சிஜனில் சூடேற்றினார்கள். முதலாவது கடத்துதிறனை இழந்தது. இரண்டாவது கடத்திக்கொண்டே இருந்தது. வெளித்தோற்றத்தில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு கடத்தல்கள் காரணத்தில் வேறு வேறு என்று இதனால் தெரிந்தது. ஆக்சிஜன் வெற்றிடங்களால் வரும் கடத்தல் ஆக்சிஜன் திரும்பியதும் போய்விடுகிறது. படிகத்தின் மின்முனைத் தன்மையால் வருவது நிற்கிறது. மறுப்பாளர்களின் சான்று பொய்யன்று. அது வேறொரு நிகழ்வைப் பற்றிய சான்று.

மூன்றாவது மறுப்பே எல்லாவற்றிலும் ஆழமானது; அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. நன்கு ஆக்சிஜன் ஊட்டிய மாதிரிகளில் அளக்கும் எலெக்ட்ரான் எண்ணிக்கை பெரும்பாலும் 10¹³ அளவில் நிற்கிறது. கணக்கு சொன்ன 3.3×10¹⁴இல் அது ஒரு சிறு பங்குதான். 2009இல் யேல் பல்கலைக்கழகத்தார் எக்ஸ் கதிர் ஒளியுமிழ்வு முறையில் படலத்துக்குள் ஏறிக்கொண்டே போகவேண்டிய மின்னழுத்தத்தைத் தேடினார்கள்; கோட்பாடு எதிர்பார்த்த அளவில் அது தென்படவில்லை. 2013இல் டேரல் ஷ்லாம் உள்ளிட்ட குழுவினர் மூலக்கூற்றுக் கற்றை முறையில் வளர்த்த படலங்களைக் கொண்டு இன்னொன்றைக் காட்டினார்கள்: லாந்தனத்துக்கும் அலுமினியத்துக்கும் உள்ள விகிதம் 0.97க்கு மேல் போனால் இடைமுகம் கடத்துவதே இல்லை. மூன்று விழுக்காட்டுக் கலவை வேறுபாடு முழுப் பண்பையும் அணைத்துவிடுகிறது. மறுப்பவர் இதையெல்லாம் தொகுத்துக் கேட்கிறார்: கணக்கும் பொருந்தவில்லை, புலமும் தெரியவில்லை, கலவை சற்று மாறினால் விளைவும் போய்விடுகிறது, இதை இயல்பாக எழும் பண்பு என்று எப்படிச் சொல்வது?

இதற்கு விடை, எலெக்ட்ரானைக் கொடுப்பது எது, அதை இடைமுகத்துக்கு இழுப்பது எது என்ற இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்ப்பதில் இருக்கிறது. 2014இல் லிப்பிங் யூவும் அலெக்ஸ் ஸங்கரும் வெளியிட்ட கணிப்பு இதைத் தெளிவாக்கியது. படலம் கனக்கக் கனக்க அதன் மின்முனைத் தன்மையே மேற்பரப்பில் ஆக்சிஜன் வெற்றிடம் உருவாகத் தேவைப்படும் ஆற்றலைக் குறைத்துக்கொண்டு வருகிறது. ஓர் எல்லைக் கனத்தில் வெற்றிடங்கள் தாமாகவே தோன்றுகின்றன. அவை விட்ட எலெக்ட்ரான்கள் புலத்தால் இழுக்கப்பட்டு இடைமுகத்தில் சேர்கின்றன. அதனாலேயே புலம் தணிந்து, எக்ஸ் கதிர்ச் சோதனையின் கண்ணில் படாமல் போகிறது. இந்தச் சித்திரத்தில் எலெக்ட்ரானைத் தருவது குறைதான். ஆனால் அந்தக் குறையை உண்டாக்கி, எந்த அடுக்கில் உண்டாக வேண்டும் என்று தீர்மானித்து, விளைவை இடைமுகத்தில் நிறுத்துவது இரண்டு படிகங்களின் தளங்களுக்கிடையே உள்ள மின்னூட்டப் பொருத்தமின்மை. டேவிட் முல்லரோடு சேர்ந்து ஹ்வாங் குழுவினர் 2006இலேயே எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் காட்டியதும் இதற்கு ஒத்துப்போகிறது: கடத்தாத மறுவகை இடைமுகத்தில் ஈடுசெய்யும் வேலையை ஆக்சிஜன் வெற்றிடங்களே செய்திருந்தன. ஈடுசெய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இரண்டு இடைமுகங்களுக்கும் பொது. எலெக்ட்ரான் நகர்ந்து ஈடு செய்யுமா, அணு நகர்ந்து ஈடு செய்யுமா என்பதில்தான் அவை பிரிகின்றன. ஷ்லாம் குழுவின் முடிவையும் இப்படியே படிக்கலாம். லாந்தனம் மிகுந்த படலத்தில் அணுக்களே இடம் மாறிப் புலத்தைத் தணித்துவிட முடிகிறது. எலெக்ட்ரான்கள் நகர வேண்டிய தேவை எழுவதில்லை. எனவே மின்முனைத் தன்மை கடத்தலுக்கு அவசியமான காரணம். தனித்துப் போதுமான காரணமன்று. அரை எலெக்ட்ரான் கணக்கின் எளிமை அடிபட்டுப்போனது உண்மை. சேர்க்கையில் எழும் பண்பு என்ற முடிவு அடிபடவில்லை; அது முன்னைவிடத் தெளிவான வடிவம் பெற்றது.

மீக்கடத்தலுக்கும் இதே அளவுகோலை வைப்போம். 2007இல் ஜெனீவாவில் ழான்-மார்க் திரிஸ்கோன் குழுவும் ஆக்ஸ்பர்க் குழுவும் சேர்ந்து, இந்த இடைமுகம் 0.2 கெல்வினுக்கு அருகில் மின்தடையை முழுதும் இழக்கிறது என்று அறிவித்தன. உடனே எழுந்த மறுப்பு: ஆக்சிஜன் குறைந்த ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் தனியாகவே 0.3 கெல்வின் அளவில் மீக்கடத்தியாகும் என்பது 1964 முதல் தெரிந்த செய்தி. அப்படியானால் இதில் புதிது என்ன? மறுப்பில் பாதி உண்மை. எலெக்ட்ரான் இணைகள் பிறக்கும் வழிமுறை அடித்தளப் படிகத்துடையதாக இருக்கலாம். ஆனால் மீக்கடத்தும் பகுதி பத்து நானோமீட்டர் அளவுக்குள் அடங்கியிருந்தது. இரு பரிமாண மீக்கடத்திக்கு உரிய மாறுநிலையைக் காட்டியது. 2008இல் ஜெனீவா குழுவினர் மின்னழுத்தத்தால் மட்டும் அதை அணைக்கவும் ஏற்றவும் செய்தார்கள். கனத்த படிகத்தில் அது இயலாது. 2021இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்திலிருந்து இன்னும் வலுவான சான்று கிடைத்தது. பொட்டாசியம் டான்டலேட் என்ற இன்னொரு பெரோவ்ஸ்கைட்டில் கலப்பு செய்தும் கனத்த படிகத்தில் மீக்கடத்தலை யாரும் கண்டதில்லை. அதன் குறிப்பிட்ட ஒரு வெட்டுமுகத்தின் மேல் ஆக்சைடு படலம் வைத்தபோது இடைமுகம் 2 கெல்வின் அளவில் மீக்கடத்தியாயிற்று. வேறொரு முகத்தின் மேல் வைத்த படலத்தில் 0.025 கெல்வின்வரை இறக்கியும் மீக்கடத்தல் இல்லை. தனிப்பொருளில் காணாத ஒன்று சேர்க்கையில் எழுகிறது. எழுவதும் எழாததும் படிகத்தின் முகத்தைப் பொறுத்து ஒழுங்காக மாறுகிறது. அளவுகோல் கேட்பது இதைத்தான்.

காந்தத்தின் கதை வேறு. 2007இல் ட்வென்டே பல்கலைக்கழகத்தார், காந்தமல்லாத இந்த இரண்டு ஆக்சைடுகளின் இடைமுகத்தில் காந்தப்புலத்துக்கு மின்தடை காட்டும் மாற்றத்தையும், 0.3 கெல்வினில் ஏறும் வழியும் இறங்கும் வழியும் வேறுபடும் தயக்கத்தையும் கண்டார்கள். 2011இல் ‘நேச்சர் ஃபிசிக்ஸ்’ இதழில் இரண்டு கட்டுரைகள் ஒன்றாக வந்தன. எம்.ஐ.டி.யின் ரேமண்ட் அஷூரி, மன்ஹார்ட் ஆகியோரின் குழுக்கள் முறுக்குவிசையை அளந்து வலுவான காந்தத் திருப்புதிறனை அறிவித்தன. ஸ்டான்ஃபோர்டில் கேத்ரின் மோலர் குழு காந்தப்புலத்தை அளக்கும் நுண்ணிய ஸ்குயிட் உணரியைப் பரப்பின் மேல் நகர்த்தி, மீக்கடத்தும் பரப்பினிடையே தனித்தனிக் காந்தத் திட்டுகள் சிதறிக் கிடப்பதைப் படமெடுத்தது. மீக்கடத்தலும் காந்தமும் பொதுவாக ஒன்றையொன்று அழிப்பவை. இரண்டும் ஒரே பரப்பில் என்பது பெரும் பரபரப்பாயிற்று. ஆனால் அதே 2011இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தின் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் முதலானோர் முனைவுற்ற நியூட்ரான் கற்றையைத் தெறிக்கவிட்டுத் தேடியபோது, இடைமுகத்தில் முறுக்குவிசை அளவீடு சொன்ன அளவுக்குக் காந்தம் இல்லை என்ற முடிவுக்கே வந்தார்கள். மோலர் குழுவின் படங்களிலேயே திட்டுகளின் அடர்த்தி மாதிரிக்கு மாதிரி பெரிதும் மாறியது.

இங்கே ஆக்சைடு காந்தவியலின் பழைய பாடம் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். 2004இல் ஹாஃப்னியம் ஆக்சைடு படலத்தில் காந்தம் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. அதில் காந்தத்துக்குக் காரணமாகும் அணு எதுவுமில்லை. அடுத்த ஆண்டே ஐ.பி.எம். ஆய்வாளர்கள் கவனமாகச் செய்த படலங்களில் காந்தம் இல்லை என்று காட்டினார்கள். அதோடு, துருப்பிடிக்காத எஃகு இடுக்கியால் தகட்டைப் பிடித்தாலே அளவுகருவியில் காந்தக் குறிப்பு தோன்றுவதையும் காட்டினார்கள். மென்படலத்தின் மொத்தப் பொருளே மிகக் குறைவு; இடுக்கி விட்டுச்சென்ற இரும்புத் துகள் அதைவிட உரக்கப் பேசிவிடும். லாந்தனம் அலுமினேட் இடைமுகத்தின் காந்தம் முழுதும் இடுக்கியின் வேலை என்று நான் சொல்லவில்லை. டைட்டானியத்தின் எலெக்ட்ரான்களோடு தொடர்புள்ள காந்தக் குறிப்பை எக்ஸ் கதிர் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. குறைந்தபட்ச அடுக்கு எண்ணிக்கைக்கு மேலேதான் திட்டுகள் தோன்றுகின்றன என்று மோலர் குழுவும் பின்னர் காட்டியது. இவை மதிக்கத்தக்க சான்றுகள். ஆனால் கடத்துதிறனுக்கு நான்கு அடுக்கு என்று உலகின் பல ஆய்வகங்களில் ஒரே விடை கிடைத்து, நீர்த்தால் ஆறு ஏழு என்று எல்லை கணித்தபடி நகர்ந்ததுபோல, காந்தத்துக்கு இவ்வளவு என்று ஒத்த அளவு எங்கும் கிடைக்கவில்லை. முறைக்கு முறை விடை பல மடங்கு மாறும்வரை அதை இடைமுகத்தின் பண்பு என்று பதிவு செய்வது அவசரம். சில மாதிரிகளின் பண்பு என்பதே நேர்மையான பதிவு.

இந்த அளவுகோல் மிகக் கறாரானது, இதை 2004இலேயே பயன்படுத்தியிருந்தால் கண்டுபிடிப்பே முளையில் கருகியிருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. ஓட்டோமோவும் ஹ்வாங்கும் எல்லாக் குறைகளையும் நீக்கிய பிறகே எழுதுவோம் என்று காத்திருந்தால் நான்காவது அடுக்கை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் நான் கேட்பது முதல் அறிவிப்பைத் தடுப்பதையன்று. முதல் அறிவிப்பை அறிவிப்பாகவும், தேறிய முடிவை முடிவாகவும் வெவ்வேறாகப் பதிவு செய்யவேண்டும் என்பதையே. 1972இல் பிலிப் ஆண்டர்சன், பல ஒன்றுசேரும்போது புதிய விதிகள் தோன்றுகின்றன, அவற்றைச் சிறு துகள்களின் விதிகளிலிருந்து மட்டும் வருவித்துவிட முடியாது என்று வாதிட்டார். அந்த வாதம் இன்றைய குவாண்டம் பொருள்கள் பற்றிய ஆய்வின் அடித்தளம். அதை மதிப்பவர்கள்தான் எங்கும் எழுபண்பைக் காணும் அவசரத்துக்கு எதிராக முதலில் நிற்கவேண்டும். ஏனென்றால் துகளும் வெற்றிடமும் தந்த விளைவுக்கெல்லாம் அந்தப் பெயரைக் கொடுத்தால் பெயருக்கு மதிப்பில்லாமல் போகும். ஆகவே இந்த வரலாற்றை எழுதும்போது 2004க்குத் தரும் இடத்தை 1994இன் அமிலக் கரைசலுக்கும், 2006இன் அடுக்கு எண்ணிக்கைக்கும், 2012இன் நீர்த்த படலத்துக்கும், மறுப்பை எழுப்பித் தாமே அதன் எல்லையை வரைந்த பிரெஞ்சுக் குழுவுக்கும் தரவேண்டும். கண்டவர்களோடு சேர்த்து, கண்டது எதுவென்று பிரித்துச் சொன்னவர்களும் இதன் ஆசிரியர்கள்.

அடுத்த பகுதியில் இதே ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் தகடு மீண்டும் வரும். 2012இல் சீனாவில் ஷுவே சிகுன் குழுவினர் அதன் மேல் இரும்பு செலினைடை ஒரே ஓர் அடுக்காக வளர்த்தார்கள். கனத்த நிலையில் 8 கெல்வின் அளவில் மட்டுமே மீக்கடத்தியாகும் அந்தப் பொருள், ஒற்றை அடுக்கில் அதைவிடப் பல மடங்கு உயர்ந்த வெப்பநிலையில் மீக்கடத்தலுக்கு உரிய ஆற்றல் இடைவெளியைக் காட்டியது. அந்த உயர்வு படலத்தாலா, அடித்தளத்தாலா, அங்கும் ஆக்சிஜன் வெற்றிடங்களாலா என்பதை இங்கே பயன்படுத்திய அளவுகோலைக் கொண்டே பார்ப்போம்.